கரையில் நின்ற பெரியவருக்கு ஒரு கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாயமும் மந்திரமும் கலந்த மிகுபுனைவுக் கதைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நடுவயதைக் கடந்தவர்களையும் கிழவர்களையும் நாயகர்களாக வைத்து ஆங்கிலத்தில் இவ்வகைக் கதைகள் வருகின்றன என்று எழுதிய கட்டுரையாளர், தமிழில் அதற்கு வாசகர் இல்லை, இங்கே மிகுபுனைவு படிப்பவர்கள் எல்லோரும் இளைஞர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்படிப்பட்ட வாசகர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கேட்ட புத்தகம் என்னிடம் இல்லை என்று சொல்ல நேர்ந்த மாலை இன்னும் மனத்தை உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஊர்ப்புற நூலகர். சுவாமிமலைக்கு வடக்கே, மண்ணியாற்றுக் கரைத் தெருவில் வீடு. எங்கள் நூலகத்துக்கு மாலை நான்கு மணிக்குத் தவறாமல் ஒரு பெரியவர் வருவார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவது, திருகு தண்டுக்குக் கிரீஸ் தடவுவது, காலையும் மாலையும் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தைக் குறித்து வைப்பது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆற்றோடு இருந்தவர். படிப்பு எட்டாம் வகுப்புவரைதான். ஆனால் எங்கள் நூலகத்தில் இருந்த சரித்திர நாவல்களில் அவர் கை படாதது ஒன்றும் கிடையாது.

‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களில் ஒரு பாகத்தை மட்டும் அவர் திரும்பத் திரும்ப எடுத்துப்போவார். புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டியிருந்த தேதித் தாளில் அவருடைய உறுப்பினர் எண்ணே வரிசையாக இறங்கிக்கொண்டு போகும். ஒருநாள் காரணம் கேட்டேன். பெரிய பழுவேட்டரையர் கொள்ளிடத்தில் படகு கவிழ்ந்து, வெள்ளத்தில் நீந்திக் கரையேறி, அந்தக் கரையும் உடைந்து, துர்க்கை கோயிலில் தனியாக ஒதுங்கிக் கிடக்கும் பக்கங்களைப் பிரித்துக் காட்டினார். தாளின் ஓரம் விரல் பட்டுப் பட்டுக் கருத்திருந்தது. “உடைப்பு எடுக்கிற கரையில் ராத்திரி முழுக்க நின்றவனுக்குத்தான் அம்மா இது தெரியும்” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதன் முழுப் பொருள் எனக்கு ஒரு கார்த்திகை மழையில் விளங்கியது. ஒன்பது ஆண்டுகள் இருக்கும். மூன்று நாள் விடாத மழை, ஆற்றில் கரை முட்டத் தண்ணீர். இரவு பத்து மணிவாக்கில் எங்கள் தெருவுக்குப் பின்னால், கரையின் அடிவாரத்தில், வயல் பக்கமாகத் தண்ணீர் பொங்கிக்கொண்டு வருகிறது என்று சத்தம் கேட்டது. இளைஞர்கள் நாலைந்து பேர் மணல் மூட்டையோடு ஓடினார்கள். பொங்குகிற வாயில் மூட்டையைப் போட்டு அடைத்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். பெரியவர் குடையோடு வந்தார். அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. அவரால் ஒரு மூட்டையைக்கூடத் தூக்க முடியாது. குனிந்து, பொங்கி வந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, டார்ச் விளக்கைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். கையில் இருந்த தண்ணீர் பழுப்பாக இருந்தது. விரலைத் தேய்த்துப் பார்த்தார். நறநறவென்று மண்.

“தெளிந்து கசிந்தால் பயமில்லை. கலங்கி வருகிறது. கரையின் வயிற்றை உள்ளேயே தின்றுகொண்டிருக்கிறது. வாயை அடைக்காதீர்கள், இங்கே அடைத்தால் பக்கத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றிக் கிணறு கட்டுங்கள்.” அவ்வளவுதான் சொன்னார். பொங்கும் இடத்தைச் சுற்றி வட்டமாக மூட்டை அடுக்கினார்கள். உள்ளே தண்ணீர் ஏறியது. முழங்கால் உயரம் ஏறி நின்றதும் பொங்கல் தணிந்து, மூட்டைக்கு மேலே வழிந்த தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. உள்ளே ஏறி நின்ற தண்ணீரின் கனமே கீழிருந்து வருகிற தண்ணீரை எதிர்த்து அழுத்தியது. மண் அரிப்பதும் நின்றது. ஆற்றுப் பக்கம் நண்டு வளை ஒன்று பெருத்துக் கிடந்ததைக் காலால் தடவியே கண்டுபிடித்து, வைக்கோலையும் களிமண்ணையும் பிசைந்து அதில் திணிக்கச் சொன்னார். விடியும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். அன்று ஒரு வீட்டிலும் தண்ணீர் புகவில்லை.

இரண்டு நாள் கழித்து நான்கு மணிக்கு வந்தார், அதே பாகத்தைத் திருப்பிக் கொடுத்தார், கேட்டார்: “அம்மா, இந்தக் கிழவரே முதலிலிருந்து கடைசிவரை வருகிற கதை ஏதாவது இருக்கிறதா? பேய், பூதம், மந்திரம் எது வேண்டுமானாலும் இருக்கட்டும். கிழவர் சாகாமல் இருந்தால் சரி.”

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தையும் நாங்கள் பயிற்சியில் மனப்பாடம் செய்தவர்கள். இரண்டாம் விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். அன்று மாலை அலமாரி அலமாரியாகத் தேடினேன். கிழவர்கள் நிறையவே இருந்தார்கள். முதல் அத்தியாயத்தில் வாளைக் கொடுத்துவிட்டு மூன்றாம் அத்தியாயத்தில் இறந்துபோகும் குருநாதர் இருந்தார். குகைக்குள் உட்கார்ந்து புதிருக்கு விடை சொல்லும் முனிவர் இருந்தார். சாபம் கொடுப்பவர், புதையல் வரைபடத்தை ஒளித்து வைத்திருக்கும் பாட்டனார், சூனியக் கிழவி, கூனிக் கிழவி எல்லோரும் இருந்தார்கள். இருபது வயதுக்காரன் கதையை நகர்த்திவிடுவதற்காகவே வந்துபோகிறவர்கள் இவர்கள். தனக்காக ஒரு பயணம் கிளம்புகிற கிழவரோ கிழவியோ ஒரு புத்தகத்திலும் இல்லை. பொன்னியின் செல்வனே ஆனாலும் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வாசகர்கள் பின்னால் ஓடியது வந்தியத்தேவனின் குதிரையைத்தான். அறுபத்துநான்கு விழுப்புண்களோடு நிற்கும் அந்தக் கிழச் சிங்கம், வயதான காலத்தில் செய்துகொண்ட கல்யாணத்துக்காக ஊரெல்லாம் ஏளனம் செய்ய, கடைசியில் அவமானத்தோடு சாகிறது. பெரியவருக்கு அந்த முடிவு பிடிக்கவே இல்லை. எனக்கும்தான்.

ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் தேய்மானம் என்னை நாற்காலியில் உட்காரவைத்தது. மகள் கல்லூரிக் காலத்திலிருந்து வாங்கிச் சேர்த்த ஆங்கிலப் புத்தகங்கள் வீட்டில் இரண்டு பெட்டி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படிக்க ஆரம்பித்தேன். பெரியவர் கேட்ட புத்தகங்கள் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தன.

கட்டுரையாளர் இதைப் புதிய போக்கு என்று எழுதியிருந்தார். அது அவ்வளவு புதியதும் இல்லை. 1937-இல் டோல்கீன் எழுதிய ‘தி ஹாபிட்’ கதையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் பில்போவுக்கு ஐம்பது வயது. அதன் தொடர்ச்சியான ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில், அவர் வளர்த்த ஃப்ரோடோ மந்திர மோதிரத்தைச் சுமந்துகொண்டு ஊரைவிட்டுப் புறப்படும்போது அவருக்கும் ஐம்பது. திரைப்படத்தில் ஃப்ரோடோவை அரும்பு மீசைகூட முளைக்காத பையனாகக் காட்டியதால் அந்த வயது பலருக்குத் தெரியாமலே போயிற்று. 1984-இல் வந்த டேவிட் கெம்மலின் ‘லெஜண்ட்’ நாவலில் கோட்டையைக் காக்க மலையிலிருந்து இறங்கிவரும் கோடரி வீரனுக்கு அறுபது. வீரக்கதைதான், ரத்தம் கொஞ்சம் அதிகம், அதை நான் வேகமாகக் கடந்துவிட்டேன்.

என்னை உட்காரவைத்தது உர்சுலா லெ குவினின் ‘தெஹானு’. கடலும் தீவுகளும் மந்திரவாதிகளும் நிறைந்த ஓர் உலகத்தைப் பற்றி அவர் எழுதிய முதல் நாவல் 1968-இல் வந்தது. அந்த வரிசையின் இரண்டாம் நாவலில், இருண்ட கல்லறைகளுக்குக் காவலாக வளர்க்கப்பட்ட சிறுமி ஒருத்தி வருகிறாள். பெயர் டெனார். 1990-இல் வந்த ‘தெஹானு’வில் அதே டெனார், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய நடுவயது விதவை. ஆடு மேய்க்கிறாள், பண்ணையைப் பார்த்துக்கொள்கிறாள், நெருப்பில் வெந்த ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். முன்பு அவளை மீட்ட மாபெரும் மந்திரவாதி இப்போது சக்தி முழுவதையும் இழந்து, வெறும் மனிதனாக அந்த ஊருக்குத் திரும்புகிறான். அவனுக்குக் கஞ்சி கொடுத்து உயிர் பிழைக்கவைப்பவள் அவள். என் கணவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு விதவை, அடுப்படியும் கொல்லைப்புறமுமாக, ஒரு மாயக் கதையின் நடுவில் நிற்பதை நான் வாழ்க்கையில் முதன்முறையாகப் படித்தேன். அறுபது வயதில்.

அடுத்து லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்ட் 2003-இல் எழுதிய ‘பாலடின் ஆஃப் சோல்ஸ்’. 2004-க்கான ஹியூகோ விருது பெற்ற நாவல். அதன் நாயகி இஸ்டா, நாற்பது வயது ராஜமாதா. சித்தம் கலங்கியவள் என்று சொல்லி அவளைக் கோட்டைக்குள்ளேயே வைத்துப் பாதுகாக்கிறார்கள். தாய் இறந்ததும் அவளுக்கு எப்படியாவது வெளியே போனால் போதும் என்று இருக்கிறது. என்ன காரணம் சொல்லிப் போவது? தல யாத்திரை. இந்த இடத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். எங்கள் பக்கத்தில் நடுவயதுப் பெண் ஒருத்தி தனியாகக் கிளம்ப ஊர் ஒப்புக்கொள்கிற ஒரே காரணமும் அதுதான். நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. என் அத்தை அப்படித்தான் வருஷத்துக்கு ஒரு வாரம் மூச்சுவிட்டு வந்தார். புஜோல்ட் எந்த நாட்டிலோ இருந்துகொண்டு என் அத்தையின் மனத்துக்குள் எப்படிப் புகுந்தார் என்று வியப்பாக இருந்தது.

இன்னொன்று, 2023-இல் ஷானன் சக்ரபோர்த்தி எழுதிய அமினா அல்-சிராஃபியின் கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடல். கடற்கொள்ளைத் தொழிலை விட்டுவிட்டு மகளோடு ஒதுங்கி வாழும் கப்பல் தலைவி, மீண்டும் கடலுக்குப் போக நேர்கிறது. பூதம் உண்டு, மந்திரம் உண்டு. எனக்கு அவற்றைவிட நெருக்கமானது அவளுடைய முழங்கால். படியேறினால் வலிக்கிறது, குதித்தால் வலிக்கிறது. அந்த வலி கதை முழுக்க அவளோடு வருகிறது. எண்ணெயைச் சூடுபடுத்தி என் காலில் தடவிக்கொண்டே அந்தப் பக்கங்களைப் படித்தேன். நாகப்பட்டினத்துத் துறையில் சூடாமணி விகாரம் நின்ற காலத்துக் கடல் அது. அரபுக் கரையில் அவளுக்குக் கிடைத்த இடம், நாகையிலிருந்து கடாரத்துக்குப் பாய் விரித்த ஒரு கிழ மாலுமிக்குத் தமிழில் ஏன் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் எனக்குத் தீரவே இல்லை.

இந்தக் கதைகளில் நல்லவற்றையும் போலியானவற்றையும் பிரித்தறிய எனக்கு ஓர் அளவு உண்டு. கிழவருடைய உடம்பைக் கதை என்ன செய்கிறது என்று பார்ப்பேன். சிலர் இரண்டாம் அத்தியாயத்திலேயே காயகற்பம் கொடுத்து அவரை இளைஞனாக்கிவிடுகிறார்கள். சிலர் முந்நூறு வயது என்று சொல்லிவிட்டு இருபது வயது முகத்தைக் காட்டுகிறார்கள், அவன் கிழவனே இல்லை. இன்னும் சிலர் திண்ணையில் கிழவரை உட்காரவைத்து, “அந்தக் காலத்திலே…” என்று தொடங்கி, மீதி முந்நூறு பக்கமும் அவருடைய இளமையை எழுதுகிறார்கள். நினைவு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில் தொடித்தலை விழுத்தண்டினார் நினைத்துப் பார்க்காத இளமையா? தாழ்ந்த மருத மரத்துக் கிளையேறி, கரையில் நிற்பவர்கள் வியக்க ஆழ்நீரில் தொப்பென்று குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்ததை அவர் பாடுகிறார். காவிரியில் குதித்து வளர்ந்த எவருக்கும் அந்த மணல் கைக்குத் தட்டுப்படும். ஆனால் பாட்டு வந்து நிற்பது தடியூன்றி, உடல் நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொற்கள் மட்டும் பேசுகிற கிழவரிடத்தில். அவர்தான் பாட்டைச் சொல்கிறார், அவருடைய பாட்டு அது.

கரையில் நின்ற பெரியவரை இளைஞனாக்கியிருந்தால் அன்று எங்கள் தெரு மூழ்கியிருக்கும். அவனும் மூட்டையைத் தூக்கிப் பொங்குகிற வாயில்தான் போட்டிருப்பான். தூக்க முடியாத கையும், தண்ணீரைத் தடவிப் பார்த்துப் பழகிய விரலும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் அந்த இரவு அப்படி விடிந்தது. மிகுபுனைவு எழுதுகிற இளம் எழுத்தாளர்கள் மந்திரத்தைத் தேடிப் பனிமலைக்கும் வெளிநாட்டுக் கோட்டைக்கும் போகிறார்கள். கலங்கலைத் தொட்டுப் பார்த்துக் கரையின் வயிற்றுக்குள் நடப்பதைச் சொல்வது எனக்கு மந்திரமாகத்தான் தெரிந்தது. அந்த வித்தையைப் படிப்படியாக விளக்கியபின்னும் எனக்கு வியப்பு குறையவில்லை.

தமிழில் இதற்கு வேர் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கவுந்தியடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். புகாரிலிருந்து மேற்கே, காவிரிக் கரையோடு மதுரைக்கு நடக்கும் கோவலனுக்கும் கண்ணகிக்கும் துணையாக வரும் சமணத் துறவி. பிச்சைப் பாத்திரத்தையும் மயிற்பீலியையும் எடுத்துக்கொண்டு, மதுரைக்குப் போய் அறம் கேட்க வேண்டும் என்று தனக்கும் நெடுநாள் ஆசை உண்டு என்று சொல்லிக் கிளம்புகிறவர். வழியின் இடர்களைச் சொல்லும்போது, கரையோரமாக நடந்தால் புள்ளி நண்டும் நத்தையும் காலில் மிதிபட்டுவிடும், அந்தப் பாவம் தாங்க முடியாதது என்கிறார். இந்த மண்ணில் நடந்த ஒருவருக்குத்தான் அந்த எச்சரிக்கை தோன்றும். உறையூருக்கு வரும் வழியில் கண்ணகியையும் கோவலனையும் கேலி பேசிய இருவரை நரிகளாகும்படி சபிக்கிறார். கண்ணகியும் கோவலனும் அவர்களுக்காக இரங்கிக் கேட்டதும் ஓராண்டில் சாபம் தீரும்படி தணிக்கிறார். துணிவு, சினம், இரக்கம், சாபம் கொடுக்கும் ஆற்றல், நெடுவழி நடக்கும் கால் எல்லாம் அவரிடம் இருக்கின்றன. மாதரியிடம் கண்ணகியை ஒப்படைத்ததும் காப்பியம் அவரை விட்டு நகர்ந்துவிடுகிறது. அவரை மட்டும் பின்தொடர்ந்து போகும் ஒரு கதையை யாராவது எழுதினால், பூம்புகாரிலிருந்து உறையூர்வரை நான் உடன் நடப்பேன், இந்தக் காலோடு.

திருவையாற்றில் ஆடி அமாவாசைக்கு அப்பர் கயிலைக் காட்சியைப் பார்க்க வருகிற கூட்டத்தைக் கட்டுரையாளர் பார்த்திருந்தால் வாசகர் இல்லை என்று எழுதியிருக்க மாட்டார். கையில் உழவாரத்தோடு ஊர் ஊராகக் கோயில் புல்லைச் செதுக்கி வந்த முதியவர், கயிலையைக் காணப் புறப்படுகிறார். கால் தேய்கிறது, கையால் தவழ்கிறார். கை தேய்கிறது, மார்பால் ஊர்கிறார். அதுவும் முடியாமல் புரள்கிறார். திரும்பிப் போ என்று முனிவர் வடிவில் வந்து சொன்னவரிடம் “மாளும் இவ்வுடல் கொண்டு மீளேன்” என்கிறார். பிறகு வடக்கே ஒரு பொய்கையில் மூழ்குகிறார், எங்கள் திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார். உலகத்தின் எந்த மிகுபுனைவிலும் இதைவிடப் பெரிய வாசல் ஒன்று திறந்ததாக நான் படித்ததில்லை. சேக்கிழார் அவருடைய புண்களை ஆற்றுகிறார், வயதைக் குறைக்கவில்லை. குளத்திலிருந்து எழுந்து ஆணும் பெண்ணுமாக வருகிற யானையையும் சேவலையும் குயிலையும் பார்த்து “கண்டறியாதன கண்டேன்” என்று பாடுவது அதே முதியவர்தான்.

இன்னும் எத்தனையோ உண்டு. பேயுருவை வேண்டிப் பெற்றுத் தலையால் நடந்து கயிலைக்குப் போன காரைக்கால் அம்மையார், ராவணனை வழிமறித்துச் சிறகு இழந்த ஜடாயு. வைத்தீசுவரன் கோயிலுக்குப் போகிறவர்கள் ஜடாயு குண்டத்துத் திருநீறு பூசாமல் திரும்புவதில்லை. எங்கள் ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் திருப்புறம்பியம். நடக்க முடியாத விஜயாலய சோழர் இரண்டு பேர் தோளில் ஏறிப் போர்க்களம் புகுந்ததாகக் கல்கி எழுதிய இடம். அந்தச் சோழருக்குத் தொண்ணூற்றாறு தழும்புகள் என்று ஒட்டக்கூத்தர் கணக்குச் சொல்கிறார். கரிகாலன் கதையை எங்கள் நூலகத்துக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் சொல்வேன். வழக்கோடு வந்த முதியவர்கள் இளைஞனின் தீர்ப்பை நம்பத் தயங்கியபோது, அவன் நரைமுடி அணிந்து வந்து நீதி சொன்னான். அதைப் பழமொழி நானூறும் பாடுகிறது. நரைக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்த ஊர் இது.

இப்போது எங்கள் தெருவின் பதினான்கு வீடுகளில் ஒன்பதில் அறுபதைத் தாண்டியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூரில், சென்னையில், சிங்கப்பூரில். குறுவையா சம்பாவா என்று முடிவு செய்பவரும், வாய்க்கால் தண்ணீருக்கு நடையாய் நடப்பவரும், மழையில் கரையைப் பார்க்கப் போகிறவரும் முதியவர்களே. அடுத்த உடைப்பு வந்தால் டார்ச் விளக்கைப் பிடிக்கக்கூட இளைஞர் இருப்பார்களா என்று தெரியாது. இந்த ஊர்களின் இன்றைய கதையை மாயமாக எழுதினாலும் நேராக எழுதினாலும் அதன் நடுவில் நிற்கப்போவது இவர்கள்தான். நடவு வரிசைக்கு முன்நின்று பாட்டெடுத்த பெண்கள் இன்று குச்சியூன்றி வரப்பில் நடக்கிறார்கள். அந்தப் பெண்களில் ஒருத்திக்கு ஆறே எதிரில் வந்து பேசினால் என்ன கேட்பாள்? எனக்குத் தெரிந்த ஒருத்தி, தன் பங்குத் தண்ணீரைக் கேட்டுவிட்டுத்தான் வரமே கேட்பாள். இதை எழுத வல்லவர்கள் தமிழில் இருக்கிறார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. தங்கள் ஞாயிறு இணைப்பில் மாதத்துக்கு ஒரு மிகுபுனைவுச் சிறுகதையேனும் வரட்டும். அதில் அறுபதைக் கடந்த ஒருவர் கிளம்பட்டும். அவருக்கு மூட்டு வலிக்கட்டும், மாத்திரை டப்பாவைப் பையில் எடுத்து வைத்துக்கொள்ளட்டும், பெயர்கள் மறந்துபோகட்டும். அவருக்கு இளமையைத் திருப்பித் தர வேண்டாம், மூன்றாம் அத்தியாயத்தில் கொன்றுவிடவும் வேண்டாம். தெஹானுவையும் இஸ்டாவையும் நல்ல தமிழில் மொழிபெயர்த்துத் தரப் பதிப்பகங்கள் முன்வந்தால் கிளை நூலகங்கள்வரை அவை வர வேண்டும். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன மண் இது. தஞ்சாவூர் மாவட்டத்தின் கடைசி ஊர்ப்புற நூலகத்துக்கு ஒரு பிரதி வருவது பெரிய காரியம் இல்லை.

பெரியவருக்கு இப்போது எண்பது வயது. நூலகத்துக்கு நடந்து வருவது நின்றுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் நான் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போகிறேன். போன மாதம் முழுவதும் இஸ்டாவின் கதையை எனக்குத் தெரிந்த தமிழில் வாய்மொழியாகச் சொல்லி முடித்தேன். அவள் கோட்டை வாசலைத் தாண்டும் இடத்தில் “போகட்டும், போகட்டும்” என்று தடியால் தரையைத் தட்டினார். கதை முடிந்ததும், இதை அச்சில் பார்க்க முடியுமா, நானே ஒருமுறை படிக்க வேண்டும் என்றார். வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இடது கண்ணுக்குத் தை மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். யாராவது எழுதிப் புத்தகமாக்கினால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஊர்ப்புற நூலகர்,
கும்பகோணம் வட்டம்.